இருக்கும் இடமும் ஈடுபடும் மனமும்

‘ஈடுபாடு’ என்ற சொல்லை இன்று கம்பெனிகளின் மனிதவள இலாகாக்கள் வெகு தாராளமாக வழங்குகின்றன. ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ ஊழியர்களுக்குக் கேள்வித்தாள் ஒன்றை அனுப்பி, வந்து சேரும் விடைகளைக் கூட்டிக் கழித்து, இவ்வாண்டு நம் ஸ்தாபனத்தின் ஈடுபாடு இத்தனை சதவிகிதம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிவிடுகிற வழக்கம் ஏற்பட்டுவிட்டது. வைணவ வியாக்கியானங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இது சிறிது வேடிக்கையாகவே தோன்றும். பகவானுடைய குணமொன்றை நினைத்த மாத்திரத்தில் பேச்சிழந்து, தம்மை மறந்து, அதிலேயே ஆழ்வார் அமிழ்ந்துபோன நிலையைச் சொல்வதற்கு அவ்வுரைகாரர்கள் எடுத்தாண்ட சொல் அது. அதைச் சதவிகிதக் கணக்கில் அளக்கலாம் என்று அவர்கள் கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள்.

ஆயினும், சொல்லை அளவுக்கு மீறிக் கீழே இறக்கிவிட்டதாக நொந்துகொள்வதற்கு முன், இந்தத் துறைக்கு அடிகோலிய கட்டுரையை ஒரு முறை பார்ப்பது நியாயம். 1990-ஆம் ஆண்டு வில்லியம் கான் என்னும் அமெரிக்க அறிஞர், மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த கோடை முகாம் ஒன்றின் பணியாளர்களையும், கட்டடக்கலை நிறுவனம் ஒன்றின் ஊழியர்களையும் அருகிருந்து கவனித்து, மனிதர் எப்போது தம்மை முழுமையாக வேலையில் இறக்குகிறார்கள், எப்போது உடம்பை மட்டும் அங்கே உட்காரவைத்துவிட்டு மனத்தை வேறெங்கோ உலவவிடுகிறார்கள் என்று ஆராய்ந்தார். செய்கிற வேலைக்கு அர்த்தம் உண்டு என்ற உணர்வு, தன் இயல்பை ஒளிக்காமல் காட்டினால் கெடுதல் வராது என்ற தைரியம், வேலையில் செலவிடுவதற்கு உடலிலும் மனத்திலும் மிச்சமிருக்கும் சக்தி ஆகிய மூன்றும் கூடினால்தான் ஈடுபாடு பிறக்கும் என்பது அவர் கண்ட முடிவு. அவர் தேர்ந்தெடுத்த இரண்டு இடங்களில் ஒன்றான கோடை முகாமில், உண்பதும் உறங்குவதும் உழைப்பதும் ஒரே வேலிக்குள். மற்றொன்றில் மாலையானதும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வீடும் வேலையும் ஒட்டியிருந்த இடத்திலும் ஈடுபாடு வந்தது, போயிற்று. வெட்டியிருந்த இடத்திலும் அப்படியே. இடத்தைப் பற்றி அந்தக் கட்டுரை ஏதும் சொல்லவில்லையென்றாலும், இடம் ஒன்றே காரணமாகாது என்பதற்கான குறிப்பு அப்போதே அதற்குள் இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் இவ்விஷயமாக நடந்த பரிசோதனைகளைத் தொடர்ந்து படித்துவந்ததில் என் மனத்தில் உறுதிப்பட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. ஊழியர் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார், எத்தனை நாள் பிரயாணத்தில் இருக்கிறார் என்பவற்றைக் காட்டிலும், அவற்றைத் தீர்மானிக்கும் உரிமை யாருடைய கையில் இருக்கிறது என்பதே அவருடைய ஈடுபாட்டை அதிகமாக ஆட்டிவைக்கிறது. இவ்வளவோடு நின்றுவிட்டால் விஷயம் சுலபம். அந்த உரிமை பெயரளவில் இருப்பதற்கும் மெய்யாகவே இருப்பதற்கும் இடையே எவ்வளவு பெரிய பள்ளம் கிடக்கிறது என்பதைச் சென்னையிலேயே நடந்த ஒரு பரிசோதனை காட்டிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வேலை செய்யும் இடமும் வாழும் இடமும் வேறு வேறாய்ப் பிரிந்தது மனித சரித்திரத்தில் நேற்று நடந்த சங்கதி. காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டில் தறி இருந்தது கூடத்தில். கணக்கப்பிள்ளை ஏட்டுக்கட்டை அவிழ்த்தது தம் வீட்டுத் திண்ணையில். ஆலைச் சங்கும் காரியாலய மணியும் வந்த பிறகே ‘வேலைக்குப் போகிறேன்’ என்ற வாக்கியத்தில் ‘போகிறேன்’ என்பதற்கு ஒரு கனம் ஏற்பட்டது. அந்தப் ‘போகிறேனை’ மறுபடியும் கேள்விக்குள்ளாக்கியவர்களுள் முதன்மையானவர், தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜாக் நில்லெஸ். எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கிய 1973-ஆம் ஆண்டில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து வாகன நெரிசலைக் கண்டு சலித்தவராய், ஆளை வேலையிடம் கொண்டுபோவதற்குப் பதில் வேலையை ஆளிடம் கொண்டுவந்தால் என்ன என்று கேட்டு, அதற்கு ‘டெலிகம்யூட்டிங்’ என்று பெயரும் சூட்டினார். பலரும் மறந்துவிட்ட ஒரு விவரம், அவர் முதலில் மனத்தில் கொண்டது வீட்டையன்று என்பது. கணினி அக்காலத்தில் வீட்டு வாசலுக்குள் நுழையக்கூடிய பொருளாக இல்லாமையால், ஊழியர்களின் குடியிருப்புகளுக்கு அருகில் சிறு சிறு கிளைக் காரியாலயங்களை அமைக்கவேண்டும் என்பதே அவருடைய யோசனை. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் ஊழியர்களைக் கொண்டு அதைச் சோதித்தும் பார்த்தார். இந்த யோசனையை வாசகர்கள் ஒரு மூலையில் நினைவு வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டிலிருந்து செய்யும் வேலையைப் பற்றி நெடுங்காலம் இருந்த வாதங்களெல்லாம் அவரவர் அபிமானத்தைச் சார்ந்தவையாகவே இருந்தன. அதைப் பிரத்தியட்சப் பிரமாணத்துக்குக் கொண்டுவந்தது சீன தேசத்து ஷாங்காய் நகரில் நடந்த பரிசோதனை. ஊராரின் பிரயாணத்துக்கு டிக்கெட்டும் தங்கும் விடுதியும் ஏற்பாடு செய்வதையே தொழிலாகக் கொண்ட சீட்ரிப் என்னும் கம்பெனி, தன் சிப்பந்திகளின் அன்றாடப் பிரயாணத்தை ஒழித்துப் பார்க்கப் புறப்பட்டது ஒரு வேடிக்கை. நகரத்தில் கட்டட வாடகை ஏறிக்கொண்டே போயிற்று. தொலைபேசியில் பதில் சொல்லும் பிரிவிலோ ஆண்டுக்குப் பாதிப்பேர் வேலையை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். கம்பெனியை ஸ்தாபித்தவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் லியாங், ஸ்டான்ஃபோர்டில் பொருளாதாரம் படிக்கப் போயிருந்தவர்; அங்கே நிக்கோலஸ் புளூம் முதலிய பேராசிரியர்களோடு கலந்து இந்த ஏற்பாட்டைச் செய்தார். ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட பிரிவில் பாதிப்பேர் வீட்டிலிருந்து வேலை செய்ய விருப்பம் தெரிவித்தார்கள்; அவர்களுள் தனி அறையும் இணைய வசதியும் போதிய அனுபவமும் உடைய 249 பேரைப் பொறுக்கியெடுத்து, பிறந்த தேதி இரட்டைப்படையாக இருப்பவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தும், ஒற்றைப்படையாக இருப்பவர்கள் வழக்கம்போல் காரியாலயத்திலிருந்தும் ஒன்பது மாதம் வேலை செய்யவேண்டும் என்று 2010 டிசம்பரில் ஆரம்பித்தார்கள்.

வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவிகிதம் கூடியது. அதில் பெரும்பகுதி, இடைவேளையும் நோய் விடுப்பும் குறைந்ததனால் அதிக நிமிஷங்கள் வேலையில் கழிந்ததால் வந்தது. எஞ்சியது, சந்தடியற்ற சூழ்நிலையில் நிமிஷத்துக்கு அதிக அழைப்புகளை முடிக்க முடிந்ததால் வந்தது. வேலையை விட்டு விலகுகிறவர்கள் தொகை பாதியாகக் குறைந்தது. இவ்வளவு லாபத்தைக் கண்ட நிர்வாகம், இனி விரும்புகிறவர்கள் எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அறிவித்தபோதுதான் விஷயத்தின் சுவாரஸ்யமான பகுதி தொடங்குகிறது. பரிசோதனையில் கலந்துகொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தம் இடத்தை மாற்றிக்கொண்டார்கள்; ஒன்பது மாதம் வீட்டில் இருந்தவர்களிலும் பலர், போதும் இந்தத் தனிமை என்று காரியாலயத்துக்கே திரும்பிவிட்டார்கள். சம அளவு திறமை காட்டியவர்களை ஒப்பிட்டபோது, வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்திருந்ததும் தெரியவந்தது. கண்ணில் படாதவர் கருத்திலும் படுவதில்லை என்பது மேலதிகாரிகளின் விஷயத்தில் எந்த தேசத்துக்கும் பொது. இப்படி அவரவர் தம் இயல்புக்கேற்ற இடத்தைத் தேடிக்கொண்ட பிறகு கணக்கெடுத்தால், லாபம் 13 சதவிகிதத்திலிருந்து 22-ஆக உயர்ந்திருந்தது. முதற்கட்ட லாபத்தை வீடு தந்தது என்று வைத்துக்கொண்டால், அதற்குமேல் வந்த லாபத்தைத் தந்தது தேர்வு. ஒரே மனிதர்கள், ஒரே வேலை. இடத்தைத் தாமே தீர்மானித்தார்கள் என்பது ஒன்றே வித்தியாசம்.

இந்தத் தேர்வுக்கு ஊழியர்கள் விலையும் வைத்திருக்கிறார்கள். அலெக்ஸாண்டர் மாஸ், அமண்டா பலே என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலிருந்து வேலை செய்யும் வசதிக்காகச் சம்பளத்தில் சராசரி 8 சதவிகிதத்தை விட்டுக்கொடுக்க விண்ணப்பதாரர்கள் தயாராக இருந்தார்கள்.

சென்னையில் நடந்த பரிசோதனைக்கு வருவோம். டேவிட் அட்கின், ஆன்டுவானெட் ஷோர், சுமித் ஷிண்டே ஆகிய மூவர், விவரங்களைக் கணினியில் பதிவு செய்யும் ‘டேட்டா என்ட்ரி’ வேலைக்கு ஆட்களைச் சேர்த்தார்கள். வீடா, காரியாலயமா, எது பிரியம் என்று முதலில் ஒவ்வொருவரையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு அந்தப் பிரியத்தைப் பாராமல் குலுக்கல் முறையில் சிலரை வீட்டுக்கும் சிலரைக் காரியாலயத்துக்கும் ஒதுக்கினார்கள். வேலையோ மிகச் சாதாரணமானது. எத்தனை எழுத்து, எத்தனை பிழை என்று எண்ணிவிடலாம். கூடிப் பேசவேண்டிய அவசியமில்லை. ஷாங்காய் அனுபவத்தைக் கொண்டு பார்த்தால் வீடே ஜயித்திருக்கவேண்டும். நடந்ததோ நேர்மாறு. வீட்டிலிருந்தவர்களின் வேலைத்திறன் காரியாலயத்தில் இருந்தவர்களைவிட 18 சதவிகிதம் குறைந்தது. அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. எஞ்சிய பங்கு, காரியாலயத்தில் இருந்தவர்கள் நாளடைவில் வேகமாகக் கற்றுக்கொண்டதால் ஏற்பட்டது.

இதைவிட ஆழ்ந்து யோசிக்கவேண்டிய விஷயம் அடுத்து வருகிறது. வீடுதான் வேண்டும் என்று விரும்பிக் கேட்டவர்கள், தொடக்கத்தில் வைத்த சோதனையில் மற்றவர்களைக் காட்டிலும் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். ஆனால் வீட்டில் உட்கார்ந்ததும் அதிகமாகப் பின்தங்கியவர்களும் அவர்களே: காரியாலயத்தை விரும்பியவர்களுக்கு வீட்டினால் ஏற்பட்ட நஷ்டம் 13 சதவிகிதம், வீட்டை விரும்பியவர்களுக்கு 27. தனக்கு எது பிரியமோ அது தன் வேலையை அதிகம் கெடுக்கும் என்று அறிந்தே ஒருவர் ஏன் அதைக் கேட்கிறார்? ஆராய்ச்சியாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, குழந்தைகளை உடையவர்கள், வீட்டில் பிறரைப் பராமரிக்கும் பொறுப்புள்ளவர்கள், வறிய குடும்பத்தினர் ஆகியோரிடத்தில் இந்த முரண்பாடு அழுத்தமாகத் தென்பட்டது. நம் ஊர் வீடுகளை அறிந்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. ஒரே கூடம், அதில் தொலைக்காட்சி, பள்ளியிலிருந்து வந்த பிள்ளை, நான்கு மணிக்குக் காபி கேட்கும் பெரியவர், வாசலில் எரிவாயு உருளைக்காரரின் குரல். கணினியின் முன் அந்த வீட்டுப் பெண்மணி உட்கார்ந்திருக்கிறார் என்பதனாலேயே அவர் வேலையில் இருக்கிறார் என்று வீட்டார் ஒப்புக்கொள்வதில்லை. வீட்டில் இருக்கிறார் என்றே கொள்கிறார்கள். அவர் கேள்வித்தாளில் ‘வீடு’ என்று எழுதியது விருப்பத்தைக் குறிக்கிறதா, நிர்ப்பந்தத்தைக் குறிக்கிறதா என்பதை அந்தத் தாள் சொல்லாது. ஷாங்காயில் பரிசோதனைக்குள் வருவதற்கே தனி அறை ஒரு நிபந்தனையாக இருந்தது என்பதை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கவேண்டும்.

உற்பத்தி வேறு, ஈடுபாடு வேறு என்று யாரேனும் ஆட்சேபிக்கலாம், ஆட்சேபம் சரியே. ஆனால் ஒருவர் புதிதாகக் கற்றுக்கொள்கிறாரா, வேலையை விட்டுப் போகாமல் நிற்கிறாரா என்பவை அவருடைய மனம் எங்கே இருக்கிறது என்பதற்கு ஓரளவு நல்ல அடையாளங்கள். சுயமாக நிரப்பும் கேள்வித்தாளைவிட இவற்றை நான் நம்புகிறேன். கொள்ளைநோய்க் காலத்தில், ஒருவருடைய விருப்பத்தையும் கேளாமல் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியபோது என்ன ஆயிற்று என்பதை, ஆசியாவின் பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்களின் கணினிப் பதிவுகளைக் கொண்டு மைக்கேல் கிப்ஸ் முதலியோர் கணக்கிட்டிருக்கிறார்கள். வேலை நேரம் நீண்டது. முடிந்த வேலை சிறிது குறைந்தது. ஆக ஒரு மணி நேரத்துக்கான பயன் 8 முதல் 19 சதவிகிதம் வரை விழுந்தது. குழந்தைகள் உள்ள வீடுகளில் வீழ்ச்சி கூடுதல். கூட்டங்கள் பெருகி, இடையூறில்லாமல் ஒன்றை யோசிக்கக் கிடைக்கும் நேரம் அருகிப்போயிற்று.

தேர்வின் எல்லையை வீட்டுக்கும் அப்பால் விரித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் ஓர் உதாரணம். அங்கே விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அதிகாரிகள் முன்பே வீட்டிலிருந்து வேலை செய்துவந்தார்கள் என்றாலும், தலைமைக் காரியாலயத்துக்கு அவ்வப்போது வந்து போகவேண்டியிருந்ததால் வெகுதூரம் குடிபெயர முடியாதிருந்தது. 2012-இல் தொடங்கிய திட்டத்தின்படி, எப்போதாவது அழைத்தால் சொந்தச் செலவில் வரச் சம்மதிக்கிறவர்கள் நாட்டின் எம்மூலையிலும் வசிக்கலாம் என்றாயிற்று. பிரித்விராஜ் சௌதுரியும் அவர் சகாக்களும் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்த மாறுதலால் வேலையின் அளவு 4.4 சதவிகிதம் உயர்ந்தது; தரம் குறையவில்லை. மேசையும் அதுவே, கணினியும் அதுவே. மேசை எந்த ஊரில் இருக்கவேண்டும் என்பதை மட்டும் ஊழியரே முடிவு செய்தார். வழிப்பிரயாணச் செலவை அவரே ஏற்றுக்கொண்டதும் கவனிக்கத்தக்கது. தாமே ஏற்ற பிரயாணம் ஒருவரை அவ்வளவாகக் களைப்படையச் செய்வதில்லை போலும்.

அன்றாடம் காரியாலயத்துக்குப் போய்வரும் பிரயாணமோ யாரும் ஏற்றுக்கொண்டதன்று, தலையில் விழுந்தது. டேனியல் கானமன் முதலியோர் டெக்ஸாஸில் 909 உழைக்கும் பெண்களை, முந்தைய நாளின் ஒவ்வொரு பொழுதையும் நினைவுகூர்ந்து அதில் மனம் எப்படி இருந்தது என்று குறிக்கச் சொன்னபோது (2004), காலையில் வேலைக்குப் போகும் பிரயாணம் பட்டியலின் அடியில் கிடந்தது. வேலையே அதைவிட மேலாக இருந்தது. 27 தேசங்களில் எடுத்த பிற்காலக் கணக்கொன்றில், வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் சராசரி 72 நிமிஷம் மிச்சமாகிறது என்றும், அதில் ஐந்தில் இரண்டு பங்கை ஊழியர்கள் மீண்டும் வேலைக்கே கொடுத்துவிடுகிறார்கள் என்றும் தெரியவருகிறது. யாரும் கேளாமலே கொடுக்கிற இந்த அரை மணியைவிட ஈடுபாட்டுக்கு நல்ல சாட்சி எனக்குத் தென்படவில்லை. சென்னையில் ராஜீவ் காந்தி சாலையின் கம்பெனி பஸ்களில் கண் அயர்ந்தபடி போகிறவர்களையும், தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலின் மகளிர் பெட்டியையும் பார்த்தவர்கள், கான் சொன்ன மூன்றாவது நிபந்தனையாகிய மிச்சமிருக்கும் சக்தி எங்கே செலவாகிறது என்று தேடவேண்டியதில்லை. அந்த ரயில் பெட்டியில் மடியில் கீரையை ஆய்ந்துகொண்டே போகிற மாதர்களைக் கண்டிருக்கிறேன். பிரயாணத்தையும் சமையலறையாக மாற்றிக்கொள்கிற அந்தச் சாமர்த்தியத்தை வியக்கலாம். வியந்துகொண்டே இருப்பது நமக்கு அழகன்று.

அன்றாடப் போக்குவரத்து ஒரு வகை. உத்தியோக நிமித்தம் வெளியூர் செல்வது வேறு வகை. இந்த இரண்டாவது வகையைத் தமிழர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே ஓர் இலக்கியப் பொருளாக வகுத்துவிட்டார்கள். தலைவன் பொருள் தேடிப் பிரிவதைப் ‘பொருள்வயிற் பிரிவு’ என்று இலக்கணம் செய்து, அதற்குப் பாலையை நிலமாகக் கொடுத்து, போவதா வேண்டாவா என்று அவன் நெஞ்சோடு போராடுவதற்கும், வினைமுடித்துத் திரும்புகையில் தேரை விரைந்து செலுத்தும்படி பாகனிடம் சொல்வதற்கும் தனித்தனித் துறைகள் வகுத்தவர்கள், உத்தியோகப் பிரயாணத்தின் மனோதத்துவத்தை நம் காலத்து ஆய்வாளர்களுக்குக் குறையாமல் அறிந்தவர்களே.

நம் காலத்து ஆய்வாளர்கள் எண்களில் பேசுகிறார்கள். வாஷிங்டனில் உள்ள உலக வங்கி ஊழியர்களின் மருத்துவ இன்ஷூரன்ஸ் கோரிக்கைகளைப் பரிசீலித்த 1997-ஆம் ஆண்டுக் கட்டுரையில், அலுவல் நிமித்தம் பிற தேசங்களுக்குச் சென்றுவந்த ஆண்களின் கோரிக்கைகள் செல்லாத ஆண்களைவிட 80 சதவிகிதமும், பெண்களிடையே 18 சதவிகிதமும் அதிகமாக இருந்தன. தண்ணீராலும் உணவாலும் வந்த தொற்றுநோய்களோடு விஷயம் நிற்கவில்லை. மனத்தைப் பற்றிய நோய்களுக்கான கோரிக்கைகளும் பிரயாணத்தோடு சேர்ந்து ஏறியிருந்தன. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ரன்டில், பிரயாண இரவுகளை எண்ணிப் பார்த்தார். மாதத்தில் ஒன்று முதல் ஆறு இரவு வரை வெளியூரில் தங்குகிறவர்களே ஆரோக்கியத்தில் மேம்பட்டிருந்தார்கள். இருபது இரவுக்கு மேல் தங்குகிறவர்கள் தம் தேகநிலை சரியில்லை என்று சொல்லும் சாத்தியம் அவர்களைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஒரு நாளும் பிரயாணம் செய்யாதவர்களும் அந்த மிதமான பிரயாணிகளைக் காட்டிலும் சிறிது பின்தங்கியே இருந்தார்கள். நோயாளிகளைக் கம்பெனி வெளியூர் அனுப்புவதில்லை என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். 2018-இல் வெளிவந்த மற்றொரு ஆய்வில், மாதம் பதினான்கு இரவுக்கு மேற்பட்டவர்களிடையே கவலை, மனத்தளர்ச்சி, புகைப்பழக்கம், தூக்கமின்மை ஆகியவை கூடியிருந்தன.

இவற்றோடு ஒட்டாததுபோலத் தோன்றும் ஆய்வும் உண்டு. இஸ்ரேலில் மினா வெஸ்ட்மன், டாலியா எட்ஸியான் என்னும் இருவர், உயர் தொழில்நுட்பக் கம்பெனிகளின் ஊழியர்களைக் குறுகிய வெளிநாட்டுப் பிரயாணத்துக்கு முன்பும், அங்கிருக்கும்போதும், திரும்பிய பின்பும் கேட்டறிந்ததில், அலுவல் அழுத்தமும் சோர்வும் பிரயாணத்தால் தணிந்திருக்கக் கண்டார்கள். அன்றாடக் கோரிக்கைகளிலிருந்து சில நாள் விடுதலை. வேறு ஊர், வேறு முகங்கள். ஒரே ஒரு காரியத்தில் முழுக் கவனம். பிரயாணத்தில் இருக்கும் விடுமுறையின் சாயல் இதுதான். குறுகிய பிரயாணம் மனத்தை விரிக்கிறது, ஓயாத பிரயாணம் மனத்தைக் கரைக்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு ஏதும் இல்லை. பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் இந்திய ஆராய்ச்சிக் கூடத்தைப் பற்றிச் சௌதுரி எழுதிய கட்டுரையும் (2017) இதற்கு அனுசரணையாக இருக்கிறது: தலைமையகத்துக்குச் சில நாள் போய்வந்த ஆராய்ச்சியாளர்கள் திரும்பிய பின் அதிகமான காப்புரிமைகளைப் பெற்றார்கள். அங்கே யாரிடம் பணமும் செல்வாக்கும் இருக்கின்றன என்று நேரில் அறிந்துகொண்டதும், தம் யோசனையை அவர்களுக்கு நேரில் சொன்னதுமே அந்தப் பயணத்தின் பலன்.

நேரில் என்ற இந்தச் சொல் முக்கியம். எம்.ஐ.டி.யில் இருந்த தாமஸ் ஆலன், பொறியியலாளர்கள் ஒருவரோடொருவர் எவ்வளவு பேசுகிறார்கள் என்பதை அவர்களுடைய மேசைகளுக்கிடையே உள்ள தூரத்தோடு வைத்து அளந்து, ஐம்பது மீட்டருக்குள்ளாகவே அந்தப் பேச்சு சரேலென்று வீழ்ந்துவிடுவதை 1977-இல் எழுதினார். தொலைபேசியும் மின்னஞ்சலும் தூரத்தை வென்றுவிட்டன என்று நாம் பெருமை பேசிய பிறகும் நிலைமை மாறவில்லை. மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் அறுபத்தோராயிரம் அமெரிக்க ஊழியர்கள் 2020-இன் முற்பகுதியில் வீட்டுக்குச் சென்ற பிறகு, அவர்களுடைய கடிதப் போக்குவரத்து தத்தம் சிறு குழுவுக்குள்ளேயே சுருங்கி, குழுவுக்குக் குழு இருந்த பாலங்கள் மெலிந்ததை அக்கம்பெனியின் ஆய்வாளர்களே வெளியிட்டார்கள். கேலப் நிறுவனம் 2025-இல் வெளியிட்ட உலகளாவிய கணக்கு இன்னும் விசித்திரமானது. முழுவதும் வெளியிடத்திலிருந்தே வேலை செய்கிறவர்களில் ஈடுபாடுள்ளவர்கள் 31 சதவிகிதம். சில நாள் வீடும் சில நாள் காரியாலயமுமாக இருக்கிறவர்களில் 23. அப்படியானால் முழுத் தூரமே உத்தமம் என்று முடிவு கட்டத் துணிகிறவர்களுக்கு அதே கணக்கின் அடுத்த பத்தி தடை போடுகிறது: வாழ்க்கை செழிப்பாக இருக்கிறதா என்று கேட்டால், முழுவதும் வெளியிடத்தில் இருப்பவர்களில் 36 சதவிகிதத்தினரும், கலப்பு முறையினரில் 42 சதவிகிதத்தினரும் ஆம் என்கிறார்கள். வேலையோடு மனம் ஒன்றியிருக்கிறது, மனிதர்தாம் தனித்துப்போயிருக்கிறார்.

அதனாலேதான் காரியாலயமே வேண்டாம் என்று தீர்மானித்த கம்பெனிகள் பிரயாணத்தைத் தலைகீழாக்கியிருக்கின்றன. 2005-இல் தொடங்கிய ஆட்டோமேட்டிக் என்னும் மென்பொருள் நிறுவனம் ஆரம்பமுதலே ஊழியர்களை உலகெங்கும் அவரவர் ஊரிலேயே இருக்கவிட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவில் வைத்திருந்த ஒரு கட்டடத்தையும் வருவார் இல்லாமையால் 2017-இல் மூடிவிட்டது. அப்படிப்பட்ட நிறுவனம், எல்லா ஊழியரையும் ஓரிடத்தில் கூட்டும் ஆண்டு விழாவுக்காக விமானக் கட்டணமும் விடுதிச் செலவும் தாராளமாகச் செலவழித்துவந்தது. வாடிக்கையாளரைப் பார்க்க ஊர் ஊராய்ப் போன காலம் போய், உடன் உழைப்பவரின் முகத்தைப் பார்க்க ஊர் விட்டு ஊர் போகும் காலம் வந்திருக்கிறது.

நிர்வாகிகளின் மனமோ ஊசலாடிக்கொண்டே இருக்கிறது. 2020-இல், இன்னும் ஐந்து ஆண்டில் எந்தச் சமயத்திலும் நூற்றுக்கு இருபத்தைந்து பேர்மட்டும் காரியாலயத்தில் இருந்தால் போதும் என்று அறிவித்த டாட்டா கன்சல்டன்ஸி சர்வீஸஸ், 2023 அக்டோபரில் எல்லாரும் வாரத்தில் ஐந்து நாளும் வந்தாகவேண்டும் என்றது. இரண்டு அறிவிப்புகளிலும் ஒரு பொது அம்சம் உண்டு: எண்ணைத் தீர்மானித்தது மேலிடம். ஆணையிடுவதற்குப் பதில் சோதித்துப் பார்த்தது ஷாங்காய்க் கம்பெனி. பெயர் மாறி டிரிப்.காம் ஆன பிறகு அது, 1,612 பட்டதாரி ஊழியர்களைக் கொண்டு இரண்டாவது பரிசோதனை ஒன்றை நடத்தியது. வாரத்தில் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் காரியாலயம் என்பது ஏற்பாடு. 2024-இல் வெளியான முடிவின்படி வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பெண்களிடமும் வெகுதூரத்திலிருந்து வருகிறவர்களிடமும் இந்தப் பலன் நன்கு தெரிந்தது. வேலைத் தரத்திலோ பதவி உயர்விலோ இரண்டாண்டு வரை பார்த்தும் வேற்றுமை இல்லை. பரிசோதனைக்கு முன் மேனேஜர்களைக் கேட்டபோது, இதனால் உற்பத்தி 2.6 சதவிகிதம் குறையும் என்றார்கள். முடிந்த பின் கேட்டபோது 1 சதவிகிதம் கூடும் என்றார்கள்.

நில்லெஸ் முதலில் கண்ட கனவுக்குத் திரும்பலாம். ஆளை நகரத்துக்கு அழைப்பதும், வேலையை வீட்டுக்குள் அனுப்புவதும் அல்லாமல், காரியாலயமே ஊரைத் தேடிப் போவது அந்த மூன்றாவது வழி. 2011-இல் ஸோஹோ நிறுவனம் தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் ஒரு கிளையைத் தொடங்கியது. குற்றாலத்து மலையும் வயலும் சூழ்ந்த இடம். பின்னர் அந்நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஸ்ரீதர் வேம்புவே அங்கே குடிபெயர்ந்தார். சென்னைப் பரிசோதனையில் ‘வீடு’ என்று எழுதிய பெண்மணிகளை நினைத்துக்கொண்டே இந்தச் செய்தியை நான் படிக்கிறேன். அவர்களிடம் கேட்கப்பட்டவை இரண்டே இடங்கள்: பிள்ளைகள் சூழ்ந்த கூடம் ஒன்று, ஊருக்கு அப்பாலுள்ள கட்டடம் ஒன்று. தெருக்கோடியில், பிள்ளை பள்ளி விட்டு வந்தால் கூப்பிட்ட குரலுக்குப் போய்விடக்கூடிய தூரத்தில், கதவும் மின்விசிறியும் உடன் உழைப்பவர்களும் உள்ள ஓர் அறை மூன்றாவதாக அந்தத் தாளில் எழுதியிருந்தால், அவர்கள் எதைக் குறித்திருப்பார்கள்? நம் ஊரில் வீட்டைவிட்டு வெளியே கிளம்புகிறவர் ‘போகிறேன்’ என்று மொட்டையாகச் சொல்வதில்லை. ‘போய்விட்டு வருகிறேன்’ என்றே சொல்கிறார். வேலைக்குக் கிளம்பும் அந்தப் பெண்மணி அதைச் சொல்லி வாசற்படி இறங்குகையில், சாயங்காலக் காபிக்குள் அது நிறைவேறிவிடும் தூரத்தில் அந்த அறை இருக்கவேண்டும்.